நூல் வெளியீட்டு விழாவில் நூலைக் காணோம்!



நீங்கள் திருகோணமலையிலோ, கிண்ணியாவிலோ, மூதூரிலோ வசிப்பவராக இருந்தால் உங்கள் வீட்டு மேசையிலும் இப்படியோர் அழைப்பிதழ் கிடக்கும். வழவழப்பான அட்டை. ஒரு பக்கத்தில் நூலின் அட்டைப்படம். மறுபக்கம் முழுக்கப் பெயர்கள். தலைவர் ஒருவர், பிரதம அதிதி ஒருவர், கௌரவ அதிதிகள் நால்வர், விசேட அதிதிகள் ஒரு பத்துப் பேர், முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுவோர் என்று வரிசை நீளும். கீழே நிகழ்ச்சி நிரல்: கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, வாழ்த்துரைகள், நூல் நயவுரை, அதிதிகள் உரை, ஏற்புரை, நன்றியுரை.

இந்தப் பட்டியலில் நூலை எழுதியவரைத் தேடிப் பாருங்கள். நன்றியுரைக்கு ஒரு படி மேலே 'ஏற்புரை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பார். 'நூலிலிருந்து வாசிப்பு' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். நான் பல வருடங்களாகத் தேடி வருகிறேன். மிக அரிதாகவே அகப்படுகிறது.

என்னைப் போன்ற மௌலவி ஆசிரியர்களுக்கு இத்தகைய விழாக்களில் நிரந்தரமான ஓர் இடம் உண்டு. முதல் ஐந்து நிமிடம் எங்களுடையது. கிராஅத் ஓதிவிட்டு மேடையின் ஓரத்துக் கதிரையில் அமர்ந்துகொள்வோம். அங்கிருந்து பார்த்தால் சபை முழுவதும் தெரியும். பிற்பகல் நான்கு மணிக்கென்று அச்சிடப்பட்ட விழா ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். பிரதம அதிதிக்கு இன்னொரு கூட்டம் இருக்கும். ஆகவே அவர் முன்னதாகவே பேசிவிட்டுப் போவார். அவரோடு வந்தவர்களும் போவார்கள். வாழ்த்துரைகள் முடிவதற்குள் மஃரிப் நெருங்கிவிடும். பிள்ளைகளோடு வந்த தாய்மார் எழும்பத் தொடங்குவார்கள். எழுத்தாளர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நிற்கும்போது மண்டபத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாக இருக்கும். "நேரம் போய்விட்டது, சுருக்கமாக..." என்று தலைவர் காதில் சொல்லுவார். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய மனிதர் இரண்டு நிமிடம் நன்றி சொல்லிவிட்டு அமர்வார்.

அந்த மாலை முழுவதும் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கமாவது சத்தமாக வாசிக்கப்பட்டதா? வண்ணத்தாளில் சுற்றி, நாடா கட்டி, கைமாற்றி, படம் பிடித்தார்கள். திறந்தவர் எவரும் இல்லை.

கடித உறையின் கணக்கு

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கேலி செய்வதற்கு முன் அச்சகத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். நமது மாவட்டத்தில் ஓர் ஆசிரியரோ, எழுதுவினைஞரோ, வீட்டிலிருக்கும் ஒரு சகோதரியோ கவிதைத் தொகுதி ஒன்றைக் கொண்டுவர விரும்பினால் பதிப்பகம் என்று ஒன்று தேடி வருவதில்லை. பெரும்பாலும் சொந்தக் காசுதான். முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதிகள் அச்சிடுவார்கள். சம்பள முற்பணம், சீட்டுக்காசு, சில வீடுகளில் மனைவியின் காப்பு என்று எங்கெங்கோ இருந்து அந்தப் பணம் வருகிறது. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையும் கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சில நூல்களுக்குக் கைகொடுத்திருக்கின்றன. எல்லோருக்கும் அது எட்டுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை மறந்திருக்க மாட்டீர்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அந்த வருடத்தில் கவிதைப் புத்தகத்துக்குக் கடதாசி கேட்டுப் போனவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அச்சடித்த பிறகு விற்பதெப்படி? நகரத்துப் புத்தகக் கடைகள் அப்பியாசக் கொப்பி, கடந்தகால வினாத்தாள், பாடசாலைப் பை ஆகியவற்றால் வாழ்பவை. உள்ளூர்க் கவிஞரின் ஐந்து பிரதிகளை வாங்கி வைத்தாலும் அவை அலுமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும். ஆகவே எழுத்தாளருக்கு இருக்கும் ஒரே சந்தை வெளியீட்டு விழா. அன்றைக்குச் சபையிலிருந்து எழுந்து வரும் ஒவ்வொருவரும் ஒரு கடித உறையைக் கொடுத்து ஒரு பிரதியைப் பெறுகிறார்கள். உறைக்குள் புத்தகத்தின் விலையும் இருக்கலாம், அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். கல்யாண வீட்டு மொய் போன்றதொரு ஏற்பாடு இது. அதிதிகளின் பட்டியல் நீளுவதற்கும் இதுவே காரணம். மேடைக்கு அழைக்கப்பட்டவர் வெறுங்கையோடு வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டை நம்மவர்கள் கௌரவமாகவும் நடத்தியிருக்கிறார்கள். கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் அவர்கள் எத்தனையோ தமிழ் நூல்களின் முதற்பிரதியைப் பெற்றவர். நூல் வெளியிட வசதியில்லாத எழுத்தாளர்களின் முதல் நூலை அச்சிட்டுக் கொடுப்பதற்கென்று 'புரவலர் புத்தகப் பூங்கா' என்ற அமைப்பையும் தொடக்கினார். எழுத்தாளர் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று அங்கே பார்க்கப்படவில்லை. சீதக்காதி வள்ளலின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் சமுதாயம் நாம். கொடுக்கும் கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எனது கேள்வி வேறு. உறையைக் கொடுத்தவர் அந்தப் புத்தகத்தை வாசிக்கிறாரா? கொடுப்பதோடு கடமை தீர்ந்தது என்று அலுமாரியில் வைத்துவிடுகிறாரா? நாம் உதவி செய்தது ஒரு மனிதருக்கா, ஒரு நூலுக்கா? அச்சகக் கடன் தீர்ந்த எழுத்தாளர் வீடு திரும்பும்போது, தாம் எழுதியதை ஒருவராவது கேட்டார் என்ற நிம்மதி அவருக்கு இருக்கிறதா?

பொன்னாடை எப்போது விழுந்தது?

அரபு மொழி படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கவிஞருக்குச் சால்வை போர்த்துவது நமது வரலாற்றுக்குப் புதிதல்ல. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்து, பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னிலையில் தம் கவிதையை முழுவதுமாக ஓதினார்கள். கேட்ட பிறகு பெருமானார் (ஸல்) அவர்கள் தங்கள் மேலாடையை அவருக்கு அளித்தார்கள் என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. அந்தக் கவிதைக்கே 'புர்தா' என்ற பெயர் நிலைத்தது. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்காகப் பள்ளிவாசலில் மிம்பர் ஒன்று வைக்கப்பட்டதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் கவிதை, அதன் பிறகு ஆடை. நமது மேடைகளில் ஆடை முதலில் விழுகிறது. கவிதை வருவதே இல்லை.

அச்சு இயந்திரம் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு நூலை 'வெளியிடுவது' என்றால் என்ன? ஆசிரியர் பள்ளிவாசலில் ஒரு தூணருகே அமர்ந்து சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அல்லது ஒரு மாணவர் பிரதியிலிருந்து வாசிப்பார். ஆசிரியர் கேட்டுத் திருத்துவார். வாசிப்புத்தான் வெளியீடு. பக்தாதில் இலக்கண மேதை அல்ஃபர்ரா (மறைவு ஹிஜ்ரி 207) தமது 'மஆனில் குர்ஆன்' என்ற நூலை இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். கூட்டத்தை எண்ண முற்பட்டவர்களால் எண்ணி முடிக்க இயலவில்லை. காழிமார்களை மட்டும் எண்ணினார்களாம், எண்பது பேர் இருந்தார்கள் என்கிறது வரலாறு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவையானது. நூல்களைப் பிரதி செய்து விற்கும் 'வர்ராக்'குகள் அந்த நூலைப் பதுக்கி வைத்துக்கொண்டு, ஐந்து தாளுக்கு ஒரு திர்ஹம் என்று விலை சொன்னார்கள். மக்கள் வந்து ஆசிரியரிடம் முறையிட்டார்கள். அவர் வியாபாரிகளை அழைத்துப் பேசினார். அவர்கள் இறங்கி வரவில்லை. "அப்படியானால் இதைவிட விரிவான நூலொன்றை நான் சொல்லப்போகிறேன்" என்று அறிவித்து மீண்டும் மஜ்லிஸைத் தொடங்கிவிட்டார். 'அல்ஹம்து' ஸூராவுக்கு மட்டுமே நூறு தாள் வந்தது. வர்ராக்குகள் ஓடி வந்து, பத்துத் தாளுக்கு ஒரு திர்ஹம் போதும் என்று இணங்கினார்கள். புத்தகத்தின் விலையை எழுத்தாளர் தமது வாயாலேயே பாதியாக்கிய சம்பவம் இது! அவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? அவர் சொல்வதைக் கேட்க ஒரு சபை காத்திருந்தது.

புத்தகக் கடைகளும் அப்போது வெறும் கடைகளாக இருக்கவில்லை. அல்ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) வர்ராக்குகளின் கடைகளை இரவு வேளைகளில் வாடகைக்கு எடுத்து உள்ளேயே தங்கி வாசித்தார் என்பார்கள். நம்முடைய கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சாவியைத் தரமாட்டார்கள்; மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

தூங்கியவரின் பெயரும் எழுதப்பட்டது

டமஸ்கஸ் நகரத்தில் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டு தொடக்கம் எட்டாம் நூற்றாண்டு வரை நடைபெற்ற வாசிப்பு மஜ்லிஸ்களின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. 'ஸமாஉ' என்று சொல்வார்கள், கேட்டமைக்கான சான்று. ஒரு நூல் சபையில் வாசித்து முடிக்கப்பட்டதும், கையெழுத்துப் பிரதியின் ஓரத்திலோ கடைசித் தாளிலோ, வாசித்தவர் யார், யாருடைய முன்னிலையில், எந்த இடத்தில், எந்தத் தேதியில், கேட்டவர்கள் யார் யார் என்று எழுதி வைத்தார்கள். இத்தகைய சான்றுகளைத் தொகுத்து 1996 இல் டமஸ்கஸிலேயே ஒரு பெருநூல் வெளிவந்திருக்கிறது.

அந்தப் பட்டியல்களில் உலமாக்கள் மட்டும் இருக்கவில்லை. கைத்தொழிலாளர்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், தகப்பனோடு வந்த சிறுவர்கள் வயதோடு குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பிந்தி வந்தவர் எந்தப் பகுதியைக் கேட்கத் தவறினார் என்றும், இடையில் தூங்கியவர் இன்னார் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். நம் ஊர் விழாக்களில் இப்படியொரு பதிவேடு வைத்தால் என்னவாகும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். மேடையில் இருப்பவர்களின் பெயர்களைத்தான் முதலில் எழுத வேண்டிவரும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா அவர்களிடம் ஸஹீஹுல் புகாரியை வாசித்துக் கேட்கத் தொலைதூரங்களிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். வரலாற்றாசிரியர் கதீபுல் பக்தாதி அவர்களும் அந்த அம்மையாரின் முன்னிலையில் ஐந்தே நாட்களில் அதை வாசித்து முடித்தார்கள். பக்தாதில் ஷுஹ்தா, டமஸ்கஸில் ஸைனப் பின்த் அல்கமால் என்று இந்தப் பெயர்வரிசை நீண்டு செல்லும். அனார், ஃபஹீமா ஜஹான், கிண்ணியா எஸ். பாயிஸா அலி போன்ற முஸ்லிம் பெண் கவிஞர்கள் எழுதிவரும் நாடு இது. அப்படியிருந்தும், நமது ஊர்களில் ஒரு சகோதரியின் நூல் வெளியாகும் நாளில் அவருக்காக வேறு எவரோ பேசுவதும், அவர் முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதும் ஒழுக்கம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதி அச்சிட்டு ஊரெங்கும் விற்கலாம், அதே வரிகளைக் கண்ணியமான ஒரு சபையில் வாசிக்கக் கூடாது என்பதற்கு நான் ஓதிய கிதாபுகளில் ஆதாரம் காணவில்லை.

தமிழில் நமக்கிருந்த வழக்கம்

அரபு நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்குத் தமிழிலிருந்தே சொல்கிறேன். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களைக் கொண்டது. அது அச்சேறியது 1842 இல். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால். புலவர் வாழ்ந்தது பதினேழாம் நூற்றாண்டில். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தக் காப்பியம் எப்படி உயிரோடிருந்தது? பரங்கிப்பேட்டையில் வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியதாக மரபுச் செய்தி. அரங்கேற்றம் என்றால் நாடா வெட்டுவதல்ல. சபை நடுவே பாடிப் பொருள் சொல்லி, கேட்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுதல். அதன் பின்னும் ஊர் ஊராக, ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, மற்றவர் பயன் சொல்ல, சனங்கள் இரவிரவாகக் கேட்டார்கள். எழுத்தறியாத நமது மூத்தம்மாமாருக்கு ஹிஜ்ரத்துக் காண்டத்துக் கதைகள் தெரிந்திருந்தது இப்படித்தான். நமது இந்துச் சகோதரர்கள் கோயில்களில் நடத்தும் புராண படனமும் இதே முறைதான்; ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்வார்.

அதற்குப் பிந்திய காலத்தில் கவியரங்கு இருந்தது. கவிஞர் தாமே எழுந்து நின்று தமது கவிதையைச் சொல்வார், நல்ல வரிக்கு "இன்னொருமுறை!" என்று சபை கேட்கும். கிண்ணியாவின் கவிஞர் அண்ணல் போன்றோரின் பெயர் நிலைத்த காலம் அது. கொழும்பு 12 இல் வலம்புரி கவிதா வட்டத்தினர் பௌர்ணமி தினங்களில் நடத்திய கவியரங்குகள் இந்த வழக்கத்தைக் கைவிடாதவை. போயா விடுமுறை, ஒரு பாடசாலை மண்டபம், கவிஞர்கள், கேட்பவர்கள். செலவு அதிகமில்லை. இதைச் செய்யக் கொழும்பில்தான் பிறக்க வேண்டுமா?

துறைமுகத்தின் எழுத்தாளர்கள்

நமது துறைமுகப் பட்டினத்துக்கு எழுத்தில் என்ன குறை? தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் பலர் குறிப்பிடும் 'மோகனாங்கி'யை எழுதியவர் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1895 இல் வெளிவந்த நூல். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர், 1885 இல், அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்டிருந்தார்கள். இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கத்தில் ஒரு முஸ்லிமும் ஒரு திருகோணமலையாரும் இப்படி அடுத்தடுத்து நிற்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நவீன தமிழ்க் கவிதையில் தனியிடம் பெற்ற பிரமிள் 1939 இல் இங்கே பிறந்தவர். இந்தியாவுக்குச் சென்று 1997 இல் அங்கேயே காலமானார்.

கடலுக்கு அக்கரையில் மூதூர். அங்கே வ. அ. இராசரத்தினம் இருந்தார், 1925 முதல் 2001 வரை. ஆசிரியத் தொழில் பார்த்தவர். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தோணியையும் துறையையும் அவற்றை நம்பி வாழ்ந்த மனிதர்களையும் எழுதினார். கொட்டியாரக் குடாவில் அதே காற்றைக் குடித்து வாழும் முஸ்லிம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இன்று க.பொ.த. சாதாரண தரத்துக்கு இலக்கியம் படிக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தம் ஊரில் இப்படியொருவர் எழுதினார் என்பது செய்தியாகவே இருக்கிறது.

இன்னொரு துறைமுகத்தைப் பாருங்கள். காலிக் கோட்டைக்குள் 2007 ஜனவரியில் காலி இலக்கிய விழா தொடங்கியது. சுனாமி அடித்து இரண்டு வருடங்களான நேரம். உலகப் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் வந்து தங்கள் நூலிலிருந்து வாசித்தார்கள். ஒருவர் கேள்வி கேட்க, எழுத்தாளர் பதில் சொல்ல, பிறகு சபையிலிருந்தும் கேள்விகள் வந்தன. 2012 இற்குப் பின் சில வருடங்கள் நடைபெறவில்லை. 2016 இல் மீண்டும் வந்தது. பின்னரும் ஓர் இடைவெளிக்குப் பிறகு 2024 இல் நடந்தது. அந்தக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளிச்சவீட்டுக்கு அருகே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. ஆனால் விழாவின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். அரங்குகள் பலவற்றுக்குக் கட்டணச் சீட்டு. வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று சிலர் விமர்சித்தார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. என்றாலும் அங்கே நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று இருக்கிறது. எழுத்தாளருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த மணி நேரம் அவருடையது, அதிதியுடையதல்ல.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரத்து இலக்கிய விழா 1949 இலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னே, 1853 இல், சார்ள்ஸ் டிக்கின்ஸ் பேர்மிங்காம் நகரில் தமது கதையைச் சபையில் வாசித்தார். 1858 முதல் கட்டணம் வைத்து ஊர் ஊராக வாசித்துச் சம்பாதித்தார். சென்னைப் புத்தகக் காட்சி 1977 இல் ஆரம்பித்தது. அங்கே மாலைக் கூட்டங்கள் உண்டு, எழுத்தாளர்கள் கடைகளில் நின்று வாசகரோடு பேசுவார்கள். நம் நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தோர் 1988 இல் ஜேர்மனியில் தொடங்கிய 'இலக்கியச் சந்திப்பு'க்கு மாலையும் பொன்னாடையும் தேவைப்படவில்லை. அதன் 41 ஆவது சந்திப்பு 2013 இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. நமது இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளும் 1973 இல் திருச்சியில் தொடங்கி, 2002 இல் கொழும்பில் கூடியது உட்பட, பெரிய பணிகள் செய்திருக்கின்றன. ஆனால் அவை ஆய்வுக் கட்டுரைகளுக்கான மேடைகள். கதை எழுதும் தம்பிக்கும் கவிதை எழுதும் தங்கைக்கும் அவற்றில் கிடைத்த நேரம் கொஞ்சம்.

ஒரு மணி நேரம்

நான் கேட்பது பெரிய விழாவை அல்ல. வெளியீட்டு விழா இருக்கட்டும், கடித உறையும் இருக்கட்டும். அதே நிகழ்ச்சி நிரலில் கிராஅத்துக்கும் வரவேற்புரைக்கும் அடுத்தபடியாக, பிரதம அதிதி இருக்கும்போதே, எழுத்தாளர் பத்து நிமிடம் தமது நூலிலிருந்து வாசிக்கட்டும். ஒரு சிறுகதையின் பாதி போதும். மீதிப் பாதியை அறிய விரும்புபவர் காசு கொடுத்து வாங்குவார். வியாபாரத்துக்கும் அது நல்லதே. வாழ்த்துரைகளில் மூன்றைக் குறைத்தால் இந்தப் பத்து நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். கோபித்துக்கொள்ளக்கூடிய மூவரை எப்படிச் சமாளிப்பது என்பதை ஏற்பாட்டாளர்களின் சாமர்த்தியத்துக்கு விடுகிறேன்.

நயவுரை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூலைப் பற்றிப் பேச வந்தவர் நூலாசிரியரின் தகப்பனாரைத் தமக்குத் தெரியும் என்பதில் தொடங்கி, தாம் எழுதிய நூல்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறார். அவருக்கு ஒரு வாரத்துக்கு முன்னதாகவே பிரதியைக் கொடுத்து, மூன்று கேள்விகள் எழுதிவரச் சொல்லலாம். மேடையில் இரண்டு கதிரை போட்டு, அவர் கேட்கட்டும், எழுதியவர் பதில் சொல்லட்டும். "இந்தக் கதையில் வரும் வாப்பா ஏன் கடைசிவரை பேசவே இல்லை?" என்று ஒருவர் கேட்டால் சபை விழித்துக்கொள்ளும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் வாழ்த்துரைகளைவிட அதிகமாக நூலைப் பற்றி அறியலாம். குறை இருந்தால் அதையும் கண்ணியமாகச் சொல்லலாம். பாராட்டை மட்டுமே கேட்டு வளர்ந்த எழுத்தாளர் இரண்டாவது நூலில் அதே பிழையை இன்னும் பெரிதாகச் செய்வார்.

விழாவுக்கு அப்பால், மாதம் ஒருமுறை நூலகத்தில் ஓர் எழுத்தாளர் வாசிக்கும் மாலை ஒன்றை நடத்த என்ன தடை? ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக நாடெங்கும் அனுஷ்டிக்கப்படுகிறது. நூலகங்கள் போட்டிகளும் கண்காட்சிகளும் வைக்கின்றன. அந்த மாதத்திலாவது உள்ளூர் எழுத்தாளர் ஒருவரை அழைத்து மாணவர்களுக்கு முன்னால் உட்கார வைக்கலாம். திருகோணமலையிலிருந்து 'நீங்களும் எழுதலாம்' என்ற கவிதைச் சிற்றிதழைக் கொண்டுவந்தவர்கள் இருந்த ஊர் இது. சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று மூன்று சமூகமும் ஒரே கடற்கரையில் காற்று வாங்கும் ஊரும்கூட. ஒரு மாதம் தமிழ்க் கதை, ஒரு மாதம் சிங்களக் கதையின் தமிழாக்கம் என்று வைத்தால், யுத்த காலத்தில் ஒருவரையொருவர் பற்றி வதந்தியால் மட்டுமே அறிந்திருந்த நாம், எழுத்தால் அறிந்துகொள்ளலாம். இதை எளிதாகச் சொல்லிவிட்டேன். நடத்துவது அவ்வளவு எளிதல்ல என்பதும் தெரியும்.

போக்குவரத்தை ஒரு சாட்டாகச் சொன்ன காலம் இருந்தது. கிண்ணியாவுக்குப் பாதை கடந்து, மூதூருக்கு லாஞ்சியில் குடாவைத் தாண்டி, கடைசி லாஞ்சி போய்விட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டிய காலம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியும் ஒரு நிகழ்ச்சிக்கு அக்கரையிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, இஷாவுக்கு வீடு போய்ச் சேரலாம். மாரி மழை மாதங்களைத் தவிர்த்துக்கொண்டால் போதும்.

புத்தகக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தவணை தொடங்கும் நாட்களில் உங்கள் கடையில் நிற்க இடமிராது என்பது தெரியும். தவணை நடுவில் வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு சனிக்கிழமை மாலை பத்துக் கதிரை போட இடம் தாருங்கள். எழுத்தாளர் தமது பிரதிகளோடு வருவார். விற்றதற்குக் கழிவு எடுத்துக்கொள்ளுங்கள். விற்காததை அவரே கொண்டு போவார். உங்களுக்கு நட்டம் ஒரு தேநீர்ச் செலவுதான்.

முதல் மாலைக்கு யாரை அழைப்பது என்று நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சிலர் தங்கள் பெயரையே சொன்னார்கள். பிணக்கில்லாமல் தொடங்க, காலமானவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது. வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யைக் கடலோரத்துப் பாடசாலை மாணவர் ஒருவர் வாசிக்கட்டும். அவரிடம் படித்த எவரேனும் இருந்தால் அருகே இருந்து கேட்டு, நினைவில் உள்ளதைச் சொல்லட்டும். பழைய பிரதி வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை ஒரு மாலைக்கு இரவல் தந்தால் போதும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.